சாகக்கூடாத தெள்ளுகள்

“இண்டைக்கு எத்தின மையத்து, மருமகன்?”

எண்பதுகளின் நடுப்பகுதியில், கல்முனைக்குடியில் என் மனைவி வீட்டில், காலைத் தேத்தண்ணீரோடு எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். கேட்பவர் என் மாமனார். வட்டையில், அதாவது ஊரை ஒட்டிய வயல்வெளியில், காணியும் ஊரில் சொல்லுக்கு மதிப்பும் உள்ள மனிதர். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மையத்து விழுவது பற்றி எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை; விழுத்துவதற்காகத்தான் அந்த வேலையையே எடுத்திருந்தேன். ஆனால் அது விழக்கூடாத இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் மையத்து, அதாவது பிணம், என்று சொன்னது செத்த நீர்த்தெள்ளுகளை. குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஊசிமுனை அளவில் ஒரு சீவன் குதித்துக் குதித்து நீந்துவது தெரியும். தெள்ளு என்று பெயர்தானே தவிர யாரையும் கடிக்காது. பச்சைப் பாசியைத் தின்று பெருகும். மீன்குஞ்சுகள் அதைத் தின்று வளரும். குளத்தில் தெள்ளு இல்லாமல் போனால் கொஞ்சக் காலத்தில் மீனும் இல்லாமல் போகும். அதனால்தான் ஒரு மருந்து தண்ணீருக்கு எவ்வளவு பொல்லாதது என்று அறிய முதலில் தெள்ளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

நான் பட்டம் முடித்துவிட்டு ஒரு விரிவுரையாளரிடம் தற்காலிக உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே ஓர் எண். நெல்லில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அடிக்கும் ஒரு மருந்து இருந்தது. குளத்துத் தண்ணீரில் அதை எவ்வளவு கலந்தால் இரண்டு நாளுக்குள் பாதித் தெள்ளுகள் அசைவற்றுப் போகும்? அந்த எண்ணை மாரி மழைக்கு முன் கொண்டுவந்து கொடுத்தால் எனக்கு நிரந்தர உத்தியோகம். கொடுக்காவிட்டால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு. மழைக்கு முன் என்று அவர் கெடு வைத்ததிலும் நியாயம் இருந்தது. மழை இறங்கினால் வட்டை முழுவதும் வெள்ளம் நிற்கும். வயல் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒன்றாகிவிடும். பிறகு களைக்கு அடித்தது, பூச்சிக்கு அடித்தது எல்லாம் கலந்த அந்தத் தண்ணீரை வைத்து ஒரு பரிசோதனையும் செய்ய முடியாது.

ஆய்வுகூடத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலைதான். ஆனால் சண்டை நடந்த அந்த நாட்களில் இன்றைக்கு ஓடிய பஸ் நாளைக்கு ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். காலையில் போனவன் பின்னேரம் வீடு வருவதே பெரிய காரியம். தெள்ளைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு நாள் கழித்தும் இரண்டு நாள் கழித்தும் அதே நேரத்துக்கு எண்ண வேண்டும். வீதி மூடியிருக்கிறது என்று தெள்ளிடம் தவணை கேட்க முடியாது. ஆகவே ஆய்வுகூடத்துக் கண்ணாடி முகவைகளை உடுக்கும் சாரத்தில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வீடு என்றால் என் வீடு இல்லை. நான் பொத்துவில்காரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். வந்தவனை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவார்கள். மீனில் நடுத்துண்டு அவனுக்கு. கோழியில் ஈரல் அவனுக்கு. ஒரு விறகுக் கட்டையைத் தூக்கினாலும் நாலு பேர் ஓடிவந்து பறிப்பார்கள். ஒரு வருசம் அப்படி இருந்து பாருங்கள், பைத்தியம் பிடித்துவிடும்.

இதற்குமேல் இன்னொன்று. மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் வரமாட்டார். மார்க்கத்தில் இப்படி ஒரு சட்டமே இல்லை. மாமிக்கு மருமகன் மகனுக்குச் சமம். இது மரியாதைக்காக வந்த மறைப்பு. மார்க்கத்தில் இருந்திருந்தால் யாராவது கிதாபைத் திறந்து வாதாடியிருக்கலாம், மரியாதையோடு எப்படி வாதாடுவது? மாமியின் குரல் எனக்குத் தெரியும். திரைச்சீலைக்குக் கீழே வந்து நிற்கும் கால்விரல்கள் தெரியும். அவர் ஆக்கும் ஆணத்தில் எவ்வளவு புளி விடுவார் என்பதுகூடத் தெரியும். முகம் தெரியாது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் மகளிடம் சொல்வார். அவள் என்னிடம் சொல்வாள். நான் அவளிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு இதைச் செய்வோம்.

சீதனமாகச் செய்து வைத்திருந்த, முகம் பார்க்கும் கண்ணாடி மேசைதான் என் ஆய்வுகூடம். பவுடர் டப்பாவையும் அத்தர்ச் சிமிழையும் அள்ளி ஒதுக்கிவிட்டு முகவைகளை வரிசையாக வைத்தேன். வட்டையோரக் குளத்துக்குச் சைக்கிளில் போய்ப் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் கொண்டுவந்தேன். அகன்ற போத்தல்களில் தெள்ளு வளர்த்தேன். குஞ்சு பொரித்ததும் அன்றைக்குப் பிறந்த குஞ்சுகளை மட்டும் வாயகன்ற சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக எடுத்து முகவைக்குள் விட்டேன். சும்மா ஊற்றிவிட முடியாது. கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் முதுகுக்குள் காற்று புகுந்து, மேலே மிதந்து, அதுவாகவே செத்துப்போகும். கண் வலிக்கும், கழுத்துப் பிடிக்கும். ஐந்து முகவைகளில் மருந்து, ஒன்றைவிட ஒன்றில் குறைவாக. கடைசி முகவையில் வெறும் குளத்துத் தண்ணீர்.

அந்தக் கடைசி முகவைக்குக் கட்டுப்பாடு என்று பெயர். அது ஏன் என்று மனைவி கேட்டாள். அவள் படித்த பெண், விளங்கிக்கொள்வாள் என்று விளக்கினேன்.

“இதில ஒரு மருந்தும் இல்ல. அதனால இதில உள்ளது சாகக்கூடாது. இது செத்தா மத்தது எதால செத்ததெண்டு சொல்ல ஏலாது. எல்லாம் குப்பைக்குத்தான்.”

“ஒண்டு ரெண்டும் சாகக்கூடாதா?”

“பத்தில ஒண்டு செத்தாப் பரவால்ல. கூடச் செத்தா என்ட வேல போச்சு.”

அவள் குனிந்து அந்த முகவையைப் பார்த்தாள். “அப்ப இந்தக் கடைசிக் கிளாசிலதான் எங்கட சோறு இரிக்கி எண்டு சொல்லுங்க.”

“ஓம்,” என்றேன்.

முதல் பரிசோதனையில் மருந்து கூடின முகவைகளில் எல்லாம் செத்தன. சரி. குறைந்தவற்றில் சில செத்தன, சில நீந்தின. அதுவும் சரி. ஆகக் குறைந்ததில் எல்லாமே உயிரோடு இருந்தன. கட்டுப்பாட்டில், ஒரு சொட்டு மருந்தும் இல்லாத தண்ணீரில், அநேகமாக எல்லாமே அடியில் வெள்ளையாகக் கிடந்தன. முகவையை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்று மட்டும் ஒரு கையை அசைத்து, அதையும் விட்டுவிட்டது. நஞ்சு கொடுத்தவை பிழைத்திருக்கின்றன, கொடுக்காதவை செத்திருக்கின்றன. உலகத்தில் இப்படி ஒரு முடிவை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

சவர்க்காரமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். என் முகவைகளை இனி யாரும் தொடக்கூடாது, நானே கழுவுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். மாப்பிள்ளை ஏனம் கழுவுகிறான் என்பது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்று எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன். பிறகு நுளம்புத்திரியில் சந்தேகம் வந்தது. அந்தப் புகை தெள்ளுக்கு ஆகாது என்று படித்திருக்கிறேன். வீட்டில் திரி கொளுத்தக்கூடாது என்றேன். எல்லாரும் சொறிந்துகொண்டு படுத்தார்கள். அதற்குப் பிறகு, வெள்ளி இரவுக்கு மாமி போடும் சாம்பிராணி. அதையும் நிறுத்தச் சொன்னேன். திரைச்சீலைக்குப் பின்னால் மாமி மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

“மருமகன்ட வேலைக்கு ஆகாதெண்டா வேணாம். அவருக்கு அந்த வேல கிடைச்சாப் போதும்.”

இப்படி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டாம் முறை செய்தேன். கட்டுப்பாடு மறுபடியும் செத்தது. அதோடு நிற்கவில்லை. இந்த முறை மருந்து குறைந்த ஒரு முகவையும் செத்திருந்தது. அதைவிட மருந்து கூடிய பக்கத்து முகவையில் தெள்ளுகள் திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தன. சாண் ஏற முழம் சறுக்குது என்பார்கள். நான் ஏறிய சாண் எது என்றே தெரியவில்லை.

பஸ் ஓடிய ஒரு நாள் பார்த்து விரிவுரையாளரிடம் போனேன். அவர் என் தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம் பார்த்தார், போட்டுக்கொண்டு ஒரு தரம் பார்த்தார்.

“லேபிளை மாத்தி ஒட்டினீரோ?”

“இல்ல சேர்.”

“அப்ப மருந்து தெள்ளுக்கு நல்லது எண்டு எழுதுவமோ?”

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். “கட்டுப்பாடு செத்தால் கதை முடிஞ்சுது. காரணம் எனக்குத் தேவையில்லை. மழைக்கு முன் உயிரோட ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவாரும். பின்னால ஆள் நிக்கிது, உமக்குத் தெரியும்தானே.”

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். வெயிலில் இறங்கி வரிசையில் நின்றேன். என் பையில் இருந்த சிறு போத்தலைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார்கள். குளத்துத் தண்ணீர் என்றேன். நம்பவில்லை. குடித்துக் காட்டச் சொன்னார்கள். குடித்தேன். தெள்ளு இருந்த தண்ணீர். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, மனசுக்குத்தான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். யாரைப் பார்த்து என்றில்லை, அறையைப் பார்த்து. படித்த படிப்பு வீண் என்றேன். இந்த ஊர்த் தண்ணீர் வேண்டாம், தெள்ளும் வேண்டாம், பொத்துவிலுக்குப் போய்த் தோணி தள்ளுகிறேன் என்றேன். மனைவி சோற்றை மூடி வைத்துவிட்டு வெளியே போனாள். மாமனார் வாசலில் இருந்து, “தெள்ளுக்கே இந்தக் கோபமெண்டா, ஆனையப் படிக்க விட்டிருந்தா எங்கட கதி என்ன?” என்றார். அவருக்கு வெறும் வாயை மெல்லுகிறபோது அவல் கிடைத்த மாதிரி.

மூன்றாம் முறை தொடங்கியபோது கடல் பக்கத்தில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. போத்தல்களில் தாய்த்தெள்ளுகளும் குறைந்துவிட்டன. இந்த முறை அறைக் கதவைச் சாத்தியே வைத்தேன். தொழப் போகவும் தண்ணீர் அள்ளப் போகவும் மட்டும் வெளியே இறங்கினேன். மறுநாள் பின்னேரம் அஸருக்குப் பள்ளிக்குப் போனவன் தொழுகை முடிந்ததும் வழக்கம்போலக் கதைத்துக்கொண்டு நிற்காமல் நேரே வந்தேன். அறைக் கதவு திறந்திருந்தது. கண்ணாடி மேசைக்கு முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முக்காடு இறுகப் போட்டிருந்தது. இடது கையில் ஒரு செம்பு, வலது கையில் கரண்டி. “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி, செம்பிலிருந்து ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து, என் கடைசி முகவைக்குள் மெதுவாக, சுவர் வழியாக வழிய விட்டார். தெள்ளுக்கு நோகாமல் விட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

மேசைக் கண்ணாடியில் அவர் என்னைக் கண்டார். அவரை நானும் கண்டேன். அப்படித்தான் என் மாமியின் முகத்தை முதன்முதலில் பார்த்தேன். அடுத்த நொடி முக்காட்டை முகத்துக்கு இழுத்து, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவியைக் கூப்பிட்டேன். விசாரணை சுவர் வழியாக நடந்தது.

“உன்ட உம்மா என்ன ஊத்தினா எண்டு கேளு.”

அவள் கேட்பதற்கு முன்பே மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. “ஓதின தண்ணியெண்டு சொல்லு மகள்.”

“ஓதின தண்ணியாம்,” என்றாள் மனைவி.

“கேட்டது. ஏன் ஊத்தினா?”

“நீ சொன்னயே மகள், அந்தக் கடைசிக் கிளாஸ் செத்தா மருமகன்ட வேல போயிருமெண்டு. பள்ளி லெவ்வைக்கிட்டச் சொல்லி யாசீன் ஓதி வாங்கின தண்ணி. அது சாகக்கூடாதெண்டு நிய்யத்து வெச்சு ஊத்தினன்.”

“முதலாம் முறையும் ஊத்தினாவா?”

“ஓமாம்.”

“ரெண்டாம் முறை?”

சுவருக்கு மறுபக்கத்திலிருந்து மாமியே சொன்னார். “அதுக்கும்தான். பக்கத்தில ஒண்டுக்கும் ஊத்தினன். அதுகளும் சீவன்தானே, பார்க்கப் பாவமா இருந்திச்சு.”

“எந்தக் கிளாசெண்டு கேளு.”

“மறந்து பெயித்தாம்,” என்றாள் மனைவி. அவள் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாத வேலை. சாம்பிராணியை நிறுத்தினேன், நுளம்புத்திரியை நிறுத்தினேன், குடும்பத்தையே நுளம்புக்குத் தின்னக் கொடுத்தேன். நான் தேடிய காரணம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, நான் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, வுழூச் செய்து, சுத்தமாக என் அறைக்குள் வந்து போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வழியில்லை. மரியாதை. யாரைக் கோபிப்பது? கோபம் மட்டும் எனக்குக் குறையவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமி கை வைக்கவில்லை என்று மனைவி சொன்னாள். மறுநாளும் அப்படித்தான். தொழுகைப்பாயிலிருந்து எழும்பாமல் இருந்தாராம்.

“உம்மா அழுறா. யாசீன் ஓதின தண்ணில சீவன் சாகுமா எண்டு கேக்கிறா. தன்னில ஏதோ குத்தம், அதனாலதான் துஆ மாறிப் பெயித்தெண்டு சொல்றா.”

“தண்ணிதான் கொண்டது. துஆ எங்க கொண்டது?” என்றேன்.

“அத எப்படிச் சொல்றீங்க?”

எனக்குச் செம்பில்தான் சந்தேகம். அது அவருடைய உம்மா காலத்துச் செம்பு. உள்ளே ஈயம் பூசியது எப்போதோ தேய்ந்து, அடியில் சிவப்பு தெரிந்தது. கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்தது. இரவு முழுவதும் செம்பில் கிடந்தால் செம்பைக் கரைக்கும். மனிதருக்குத் தெரியாத அளவு செம்பு தெள்ளுக்கு நஞ்சு. தண்ணீர் கெட்டதா என்று பார்க்க நிறம், மணம், ருசி என்று மூன்று அடையாளம் சின்ன வயசில் ஓதப்போன பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தச் செம்புத் தண்ணீரில் மூன்றும் மாறவில்லை. தெள்ளு அந்தக் கிதாபைப் படித்ததில்லை. ஆனால் இதெல்லாம் என் ஊகம். ஊகத்தைச் சொல்லி ஒரு மனிசியைத் தொழுகைப்பாயிலிருந்து எழுப்ப முடியாது.

போத்தல்களைப் பார்த்தேன். மிச்சம் இருந்த தாய்த்தெள்ளுகள் கடைசியாக ஒரு ஈடு குஞ்சு பொரித்திருந்தன. ஒரே ஒரு பரிசோதனைக்குப் போதும். குளத்தில் புதிதாக அள்ளலாம் என்றால் காற்றில் ஈர வாடை வந்துவிட்டது. மழை அன்றோ மறுநாளோ என்று இருந்தது. அந்தக் குஞ்சுகளை வைத்து மருந்தின் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அறைக்குப் பூட்டுப் போட்டால் இந்த முறை கட்டுப்பாடு பிழைக்கும். உத்தியோகம் கையில். அல்லது அதே குஞ்சுகளை வைத்துச் செம்பைப் பரிசோதிக்கலாம். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

செம்பைத்தான் பரிசோதித்தேன். இரக்கத்தால் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்க, இந்தப் பக்கம் உட்கார்ந்து குஞ்சு எண்ண என்னால் முடியவில்லை. மனைவியை அனுப்பி, லெவ்வையிடம் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் ஓதி வாங்கிவரச் சொன்னேன். அதே கிணற்றுத் தண்ணீரை ஓதாமல் செம்பில் ஊற்றி ஒரு இரவு வைத்தேன். பிறகு ஒரு முகவையில் வெறும் குளத்துத் தண்ணீர். ஒன்றில் அதோடு போத்தலில் ஓதிய தண்ணீர் ஒரு கரண்டி. ஒன்றில் ஓதாத செம்புத் தண்ணீர் ஒரு கரண்டி. கிழமைக்கணக்காக மேசையில் எத்தனையோ வரிசை வைத்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக ஒன்றும் நடந்ததில்லை. வெறும் தண்ணீரில் எல்லாம் நீந்தின. ஓதிய தண்ணீரில் எல்லாம் நீந்தின. செம்புத் தண்ணீரில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சுவருக்குக் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னேன். “உம்மாக்கிட்டச் சொல்லு. ஓதினதில ஒரு குத்தமும் இல்ல. செம்பில ஈயம் பெயித்து. அவ்வளவுதான்.”

அன்று பகல் மாமி சோறு தின்றார். பின்னேரம் மழை தொடங்கியது. நாலைந்து நாள் விடாமல் கொட்டியது. மழை ஓய்ந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். குளம் எது, வயல் எது என்று சொல்ல முடியாதபடி மஞ்சள் வெள்ளம் ஒன்றாய்க் கிடந்தது. வலையை விட்டு அள்ளிப் பார்த்தேன். சேறுதான் வந்தது.

விரிவுரையாளரிடம் செம்புப் பரிசோதனையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. முழுவதையும் வாசித்தார். “நல்ல வேலை,” என்றார். “இதில கட்டுப்பாடு நல்லா இருக்கு. ஆனா நான் இதைக் கேட்கேல்லையே.” உத்தியோகம் பின்னால் நின்றவருக்குப் போனது. நான் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்க விண்ணப்பித்தேன். மாமனாருக்கு அது இன்னும் சந்தோசம். வாத்தியார் மாப்பிள்ளை என்றால் ஊருக்குச் சொல்லிக் காட்டலாம், தெள்ளு மாப்பிள்ளையை எப்படிச் சொல்வது?

பெரும்போகப் பயிர் முழங்கால் அளவு வந்த ஒரு காலை. அறக்கொட்டி கண்டிருக்கிறது என்று வட்டையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மாமனார் வீட்டு வளவில் நின்று மருந்தைக் கலக்கினார். தண்ணீரில் விட்டதும் அது பால் மாதிரி வெளுத்துப் பரவியது. மணம் என் அறை வரைக்கும் வந்தது. நான் கண்ணாடி மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். முகவைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். மாமி. நடுவில் திரைச்சீலையும் இல்லை, மகளும் இல்லை. முக்காட்டை நாடியோடு பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் எழும்பி நின்றேன். அவர் இதற்கு எவ்வளவு நாளாகத் தன்னை ஆயத்தப்படுத்தியிருப்பார் என்று தெரியவில்லை.

“மருமகன்,” என்றார். “ஒண்டு கேக்கட்டா?”

“கேளுங்க மாமி.”

“என்ட செம்புத் தண்ணி ஒரு கரண்டி போதும் அதுகளக் கொல்ல எண்டு கண்டு சொன்னீங்க. மாமா இப்ப கலக்கிறாரே, அந்த மருந்து. வாய்க்கால் கரையிலதான் எங்கட வயல். அதில எவ்வளவு போனா அதுகள் சாகும்?”

அந்த வீட்டில் மருந்தின் எண்ணைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். விரிவுரையாளர் கேட்ட அதே கேள்வி. வளவில் மாமனார் மருந்துத் தாங்கியை முதுகில் ஏற்றிக்கொண்டு படலையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“தெரியா மாமி,” என்றேன்.

அந்த எண்ணுக்கு மிஞ்சியிருந்த கடைசிக் குஞ்சுகளைத்தான் செம்புக்குக் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. மாமி அடுப்பைப் பார்க்கக் குசினிப் பக்கம் போய்விட்டார்.